வாசல் மேற்கல்லில் இரண்டு பேர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எடின்பரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது பழைய நகரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பல வாசல்களுக்கு மேலே கல்லில் கேடயம், எழுத்துகள், ஆண்டு எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். அவையெல்லாம் பிரபுக்களின் வீடுகளா? ஒரே கல்லில் இரண்டு ஜோடி முதலெழுத்துகள் ஏன்? சமயச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸின் பெயரால் அழைக்கப்படும் வீட்டில் அவருடைய எழுத்தையே காணவில்லையே?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிரபுக்கள் மட்டும் அல்ல. வணிகர்களும் பொற்கொல்லர்களும் அப்படிச் செதுக்கிவைத்தார்கள்.

இரண்டு ஜோடி எழுத்துகள் கணவனுக்கும் மனைவிக்கும் உரியவை. அக்கால ஸ்காட்லாந்தில் பெண்கள் மணமான பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதனால் கல்லிலும் அவளுக்குத் தனி எழுத்துகள். அட்வகேட்ஸ் க்ளோஸ் சந்தில் 1590ஆம் ஆண்டுக் கல் ஒன்று உண்டு. கடவுள் தந்த கொடைகளுக்கெல்லாம் அவரை வாழ்த்தும் வரி, கூடவே சி.சி., எச்.பி. என்ற எழுத்துகள். வணிகர் கிளெமென்ட் கோர், அவர் மனைவி ஹெலன் பெல்லெண்டன். லேடி ஸ்டேர் மாளிகையின் 1622ஆம் ஆண்டுக் கல்லில் 'கர்த்தருக்குப் பயந்து, தீமையை விட்டு விலகு' என்ற நீதிமொழி. கட்டியவர் சர் வில்லியம் கிரே. அதிலும் மனைவியின் எழுத்துகள் தனியாக உண்டு.

கேடயச் சின்னத்தை மட்டும் நினைத்தபடி செதுக்கிக்கொள்ள முடியாது. லார்ட் லயன் என்ற அதிகாரி வழங்கிப் பதிவு செய்ய வேண்டும். 1672ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடங்கிய பதிவேடு இன்றும் நடக்கிறது. பதிவில்லாத சின்னத்தைப் பயன்படுத்துவது அங்கே இன்றும் குற்றம்.

இனி நாக்ஸ் வீடு. நீங்கள் தேடியது கிடைக்காததில் வியப்பில்லை. அந்தச் சுவரில் இருப்பவை ஐ.எம்., எம்.ஏ. என்ற எழுத்துகளும் ஒரு கேடயமும். ஐ.எம். என்பது ஜேம்ஸ் மோஸ்மன் என்ற பொற்கொல்லர். அந்நாளில் 'ஜே'யை 'ஐ' என்றே செதுக்கினார்கள். எம்.ஏ. அவர் மனைவி மரியோட்டா ஆரஸ். வீடு அவள் குடும்பத்திலிருந்து வந்த சொத்து. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளையும், தன்னைப் போலப் பிறனையும் நேசிக்கச் சொல்லும் வாசகத்தையும் அங்கே காணலாம். மோஸ்மன் ஸ்காட்லாந்தின் மேரி அரசிக்காக எடின்பரோ கோட்டையில் நின்றவர்; கோட்டை வீழ்ந்ததும் 1573இல் தூக்கிலிடப்பட்டார். அரசியை எதிர்த்த நாக்ஸின் பெயர் அவர் வீட்டுக்கே வந்து ஒட்டிக்கொண்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நாக்ஸ் அங்கே குடியிருந்தாரா என்பதே சர்ச்சைக்குரியது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வீடு இடிபடாமல் தப்பியது நாக்ஸ் அங்கே வாழ்ந்தார் என்ற நம்பிக்கையால்தான். அதற்காக நாக்ஸின் பெயரை மன்னிக்கலாம். என்னைக் கேட்டால் அதை மரியோட்டா ஆரஸ் வீடு என்றே அழைப்பேன். அடுத்த முறை மகளுடன் போகும்போது அந்த எம்.ஏ.வைக் காட்டி, அவள் யார் என்று சொல்லுங்கள்.

அன்புடன்