ப்ளூப்: அது யாருடைய குரல்?

கேள்வி: சென்ற இதழ்த் துணுக்கில், 1997இல் பசிபிக் கடலில் பதிவான ‘ப்ளூப்’ ஒலியை ‘பனிக்கட்டி உடைந்த சத்தம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் கேட்கும் சத்தத்தைப் பனிக்கட்டி எழுப்புமா? யூடியூபில் நானே கேட்டேன். ஏதோ ஒரு ஜீவனின் குரல் என்று குழந்தைகூடச் சொல்லும். ஆழ்கடலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபோது, ராட்சத விலங்கு என்றால் மட்டும் ஏன் கேலி?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒரு வரியில் முடித்தது என் தப்புதான். ஆனால் நீங்கள் யூடியூபில் கேட்டது ப்ளூப் இல்லை; ப்ளூப்பை 16 மடங்கு வேகத்தில் ஓடவிட்டது. அசல் ஒலி ஏறக்குறைய ஒரு நிமிடம் நீள்கிறது. அது மிகவும் தாழ்ந்த ஒலி, நம் காதுக்குச் சரியாக எட்டாது என்பதால்தான் வேகத்தைக் கூட்டினார்கள். ஒரு நிமிட உறுமலை நாலு வினாடிக்குள் அடைத்தால், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ குமிழி விட்ட மாதிரி ‘ப்ளூப்’ என்று கேட்கிறது. பெயரும் அப்படி வந்ததுதான். திருவாரூர்த் தேர் அசைந்து வருவதை 16 மடங்கு ஓட்டிப் பாருங்கள். அதுவும் நாலு கால் பாய்ச்சலில் வரும் மிருகம் மாதிரிதான் இருக்கும்.

பெயர் ஒன்றை வைத்துவிட்டால் அப்புறம் காது அதைத்தான் கேட்கும். மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்து இரவுகளில் கேட்கும் இசைக்குப் பெயர் ‘பாடும் மீன்’. 1848இல் அங்கே போய்ப் படகின் பலகையில் காதை வைத்துக் கேட்ட எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம், மீனவர்கள் கைகாட்டியது மீனை அல்ல, ஊரி என்ற நத்தையை!

தூரத்துக்கு வருவோம். கடலில் மேலே வெதுவெதுப்பு, கீழே அழுத்தம். இரண்டுமே ஒலியின் வேகத்தைக் கூட்டும். நடுவில், பெரும்பாலான கடல்களில் சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. அதற்குள் நுழைந்த ஒலி மேலே போகப் பார்த்தாலும் கீழே போகப் பார்த்தாலும் வளைந்து அங்கேயே திரும்பிவிடும். வாய்க்காலுக்குள் ஓடும் தண்ணீர் மாதிரி. 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கடலில் வெடித்த வெடிகள் அட்லாண்டிக்கில் இருக்கும் பெர்முடா பக்கம் கேட்டன. அதற்குப் பக்கத்தில் 5,000 கிலோமீட்டர் ஒன்றும் பெரிதில்லை.

தூரம் பெரிதில்லை என்றாலும் உரப்பு பெரிதுதான். தெரிந்த எந்தத் திமிங்கிலமும் அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை. ‘அப்படியானால் திமிங்கிலத்தைவிடப் பெரியது’ என்று நீங்கள் தாவுகிறீர்கள். கடலையும் வானிலையையும் ஆராயும் அமெரிக்க அரசின் நோவா நிறுவன ஆய்வாளர்கள் வேறொன்று செய்தார்கள். 2005 முதல் நீரடி மைக்குகளை அண்டார்டிகாவுக்கு அருகிலேயே கொண்டுபோய் இறக்கினார்கள். பனிப்பாறைகள் விரிசல் விடுவதும் உடைவதும் அவற்றில் பதிவாயின. 2008இல் தெற்கு ஜார்ஜியா தீவுப் பக்கம் ஏ53ஏ என்ற பனிப்பாறை சிதைந்தபோது கிடைத்த ஒலிப்பதிவுகளின் வடிவம் ப்ளூப்பை ஒத்திருந்தது. பனிக்கட்டி என்றதும் உங்கள் ஊர் மீன்பெட்டியில் கொட்டும் ஐஸை நினைத்துக்கொண்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். இவை கிலோமீட்டர்க் கணக்கில் நீளமுள்ளவை.

கேலி என்றீர்கள். விலங்கு என்ற பதிலை நான் கேலி செய்யவே மாட்டேன். அது பல தடவை ஜெயித்திருக்கிறது. 1981இல் சோவியத் நீர்மூழ்கி ஒன்று ஸ்வீடன் கரையில் தரைதட்டிய பிறகு, அந்நாட்டுக் கடற்படைக்குத் தண்ணீருக்குள் எது கேட்டாலும் ரஷ்யர்கள்தான். எண்ணெயில் எதையோ வறுப்பது போன்ற ஒரு சத்தம் வருடக்கணக்கில் அவர்களை அலைக்கழித்தது. 1996இல் இரண்டு உயிரியல் அறிஞர்களைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்கள். அது ஹெர்ரிங் மீன், உங்கள் ஊர்ச் சாளைக்குச் சொந்தக்காரன். கூட்டம் கூட்டமாகப் பின்வழியே காற்றுக் குமிழிகள் விடுகிற சத்தம். சாதாரண வார்த்தையில் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். 2004இல் இதற்கு ‘இக் நோபல்’ என்ற கிண்டல் பரிசும் கிடைத்தது.

தென்கடலில் வாத்து கத்துவது போன்ற ஒரு சத்தத்தை 1960களிலேயே நீர்மூழ்கிக்காரர்கள் கேட்டார்கள். யார் கத்துவது என்று தெரிய 2014 ஆயிற்று. அண்டார்டிக் மிங்கி திமிங்கிலங்களின் முதுகில் ஒலிப்பதிவுக் கருவியை ஒட்டிவிட்டார்கள். அதில் அதே ‘வாத்து’ பதிவாகி வந்தது. ஐம்பது வருட மர்மம் முடிந்தது. உங்கள் ராட்சத விலங்குக்கு இந்த மாதிரி ஒரு கருவி வேண்டாம், ஒரு செதில், கரை ஒதுங்கிய ஒரு துண்டு எலும்பு? 1997க்குப் பிறகு எதுவும் வரவில்லையே.

சரி, உங்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. 1991 முதல் அதே பசிபிக்கில் ‘அப்ஸ்வீப்’ என்று இன்னொரு ஒலி கேட்டுக்கொண்டிருக்கிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூடும், மற்ற மாதங்களில் தணியும். கடலடி எரிமலைகள் உள்ள பகுதியிலிருந்து வருகிறது என்கிறார்கள். ஏன் இப்படிப் பருவம் பார்த்து வருகிறது என்பதற்கு முடிவான விளக்கம் இல்லை. உங்கள் விலங்கை அங்கே குடிவைத்துப் பாருங்கள். அதையும் ஒரே வரியில் முடிக்க மாட்டேன் என்று உறுதி தருகிறேன்.