கிராமத்தில் பொதுப் பாதை போடும் முன் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களே, அங்கே போய்ப் பேசினால் பயன் உண்டா?

கேட்டவர் ஊரில் அடுத்த கிராம சபையில் நடைபாதைத் திட்டம் வருகிறதாம். போனால் யாராவது காதில் வாங்குவார்களா, இல்லை கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்களா என்பது அவர் சந்தேகம்.

போங்கள். ஆனால் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் ஒருமுறை நடந்துவிட்டுப் போங்கள், தனியாக இல்லாமல், தினமும் அதில் சுமை தூக்கும் ஒருவரோடு. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு தப்பு தேவைப்பட்டது. 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை, திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடிப் பக்கம் கீழ்ப்பழனி மலையில் ஒரு ஊராட்சியில் நான் வார்டு உறுப்பினர்.

எங்கள் பிரச்சினைப் பாதை, பஸ் ரோட்டிலிருந்து கீழே ஒரு குடியிருப்புக்கு இறங்கும் ஒத்தையடிப் பாதை. இறங்க முக்கால் மணி, ஏற ஒன்றேகால் மணி. காபி, மிளகு, மலைவாழை, சௌசௌ எல்லாமே குதிரை முதுகில் அல்லது ஆள் தலையில்தான் மேலே வரும். உடம்புக்கு முடியாதவர்களுக்கு டோலி. 2023 ஜனவரி 26 கிராம சபையில் இதற்குத் திட்டம் வைத்தார்கள். ஜனவரி என்றால் எங்கள் பக்கம் காபிப்பழம் பறிக்கிற மும்முரம். விடுமுறை நாளானாலும் பழுத்தது மரத்தில் காத்திருக்காது. கீழ்க்குடியிருப்புப் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் பஸ் ரோட்டு ஓரத்து ஆட்கள்.

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு, மட்டும் சரியாக இருந்தது. ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்பது கணக்கு. எங்களுக்கு வேண்டிய நூறு பேர் ஊராட்சியின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் கணக்கு நிறைந்துவிடும். பாதையில் நடக்கிறவர்கள் அதில் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை.

ஓவர்சியர் தாளை விரித்தார். மேலிருந்து கீழ்வரை நேர்கோடு, முழுக்கக் காங்கிரீட் படி. “தூரம் பாதியாக் குறையும்” என்றார். எல்லோரும் கை தூக்கினோம், நானும்தான். பத்து நிமிடத்தில் தீர்மானம் முடிந்து டீ வந்துவிட்டது.

சாயங்காலம் நல்ல செய்தி சொல்லப் போகிறவன் மாதிரி கீழே இறங்கினேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆத்தா களத்தில் காபி கிண்டிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு, “படியா? தலையில மூட்டை இருந்தா காலு தெரியுமா தம்பி?” என்றது.

எனக்குப் புரியவில்லை. “ஞாயித்துக்கிழம வா, நடந்து காட்டுறேன்” என்றது.

அந்த ஞாயிறு நாங்கள் ஏழு பேர். ஆத்தா, குதிரைக்கார அண்ணன், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, பளியர் என்னும் மலைப் பழங்குடிக் குடும்பத்தில் இருவர், ஓவர்சியர் (விடுமுறை நாளில் வந்தார், அதற்காக அவரை எப்போதும் நினைப்பேன்), நான். ஆத்தா வேண்டுமென்றே தலையில் அரை மூட்டை வைத்துக்கொண்டது. நிமிர்ந்த கழுத்து, பார்வை பத்தடிக்கு முன்னால், காலுக்குக் கண் கிடையாது. பழைய பாதையில் அது பாதத்தாலேயே தரையைத் தடவிப் போனது. ஒரு படி அரையடி, அடுத்தது முக்கால் அடி என்று மாறினால் மூட்டையோடு விழ வேண்டியதுதான். சரிவில் படி போட்டால் அப்படி மாறாமல் இருக்காது என்று ஓவர்சியரே ஒத்துக்கொண்டார்.

பாதி ஏற்றத்தில் சுமைதாங்கி இருக்கிறது. நட்ட இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். யார் உதவியும் இல்லாமல் தலைச்சுமையை அப்படியே நகர்த்தி வைக்கலாம், அப்படியே திரும்ப எடுக்கலாம். பிள்ளைத்தாச்சியாகச் செத்துப்போன பெண்ணின் நினைவாக இதை நடுவது நம் ஊர் வழக்கம். எங்கள் கல் யாருக்காக என்று ஆத்தாவுக்கே தெரியவில்லை. ஆனால் மூச்சு முட்டுகிற அதே இடத்தில் அது நிற்கிறது. ஓவர்சியரின் நேர்கோடு அதை நாற்பது அடி தள்ளிவிட்டுப் போனது.

குதிரைக்கார அண்ணன் அதிகம் பேசவில்லை. கம்பைத் தரையில் படுக்கவைத்து, அதன் நீளத்தோடு இன்னும் ஒரு சாண் சேர்த்துக் காட்டி, “இவ்வளவு அகலம் இல்லாத படியில பொதியோட குதிரை நிக்காது” என்றார். லாடம் அடித்த குளம்பு நனைந்த காங்கிரீட்டில் வழுக்கும். பதித்த கல்லின் இடுக்கில் பிடிக்கும். மழைத் தண்ணீரைப் பற்றியும் அவர்தான் சொன்னார். இப்போதிருக்கும் வளைவுகளில் தண்ணீர் தோட்டத்துக்குள் திரும்பிவிடுகிறது, நேராகப் போட்டால் பாதையே ஓடையாகிவிடும் என்று.

பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பயம் ஒரே ஒரு திருப்பத்தில். உண்ணிச்செடி இரண்டு பக்கமும் மூடியிருக்கும், பொழுது சாய்ந்தால் அதற்கு அந்தப் பக்கம் காட்டுமாடு நிற்கும். பத்தடி நெருங்கும் வரை தெரியாது. செடியை வெட்டி, ஒதுங்க ஒரு மேடை விட்டால் போதும் என்றாள். நூறு பேர் கூடிய சபையில் காட்டுமாடு என்ற சொல்லே வரவில்லை.

பளியர் இருவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. பிரியும்போது பெரியவர் மட்டும் சொன்னார்: “அகலமாப் போட்டா பைக் வரும். பைக் வந்தா வெளியாளு வருவான்.” தேனுக்கும் கல்பாசிக்கும் அவர்கள் பிரிந்து போகிற கிளைப்பாதையைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்பதுதான் கோரிக்கை. பாதை வேண்டாம் என்பதும் ஒரு கருத்துதானே. தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

மறுபடி சபை கூட்டி, பழைய வளைவுகளின் மேலேயே கல் பதிப்பது என்று தீர்மானத்தை மாற்றினோம். வேலை தொடங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு துண்டு வன நிலம். 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில், சாலை உட்பட 13 வகைப் பொது வசதிக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், காட்டு நிலம் கேட்கலாம். கிராம சபைப் பரிந்துரை கட்டாயம். நாங்கள் வழக்கமான ஊராட்சித் தீர்மானத்தை இணைத்து அனுப்பி, அது திரும்பி வந்தது. அந்தச் சட்டத்தின் கிராம சபை குடியிருப்பு அளவில் கூட வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். இதை முதலிலேயே விசாரித்திருந்தால் ஐந்து மாதம் மிச்சம். உங்கள் பாதை காட்டைத் தொட்டால் இதை மறக்காதீர்கள்.

இன்னொன்று, பதிவேடு. கூட்டத்துக்கு முன் வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று எழுதியிருக்கும் ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள். பாதைப் புறம்போக்கு என்றிருந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டா நிலத்தின் ஊடே போனால் வழக்கத்தை நிரூபிக்க வேண்டியிருக்கும். தன் நிலத்துக்குப் போக இருபது வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்தவருக்கு 1882 வசதியுரிமைச் சட்டம் வழி கொடுக்கிறது. அரசு நிலம் என்றால் முப்பது வருடம். ‘உரிமையோடு’ என்பதைக் கவனியுங்கள். எங்கள் பாதையின் அடிப்பகுதியில் தோட்டம் வாங்கிய வெளியூர்க்காரர் ஒருவர் கேட் போட்டார். “பூட்ட மாட்டேன், சும்மா ‘அனுமதி தாருங்கள்’னு ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்க” என்றார். நல்ல மனுசன் மாதிரிதான் பேசினார். எழுதிக் கொடுத்திருந்தால் அன்றோடு உரிமை சலுகையாகியிருக்கும். வக்கீல் தடுத்தார்.

பணம் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வளைந்து போவதால் நீளம் கூடி, கடைசி முந்நூறு அடி இன்னும் மண்பாதைதான். பஸ் ரோட்டு ஆட்கள் இன்றைக்கும், “அன்னிக்கே படி போட்டிருந்தா முழுசா முடிஞ்சிருக்கும்ல” என்று என்னிடம் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் அந்த முந்நூறு அடியில் இறங்கும்போது எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆத்தாவிடம் சொன்னேன். “சறுக்கினா உக்காந்துக்க, மண்ணுதானே” என்றது.