அந்த எக்செல் ஃபைல்தான் உங்கள் பிரச்சினை

கேள்வி: சென்னையில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் ஏழு வருடமாக இருக்கிறேன், இப்போது டீம் லீட். அதே பதவியில், அதே அனுபவத்தோடு இருக்கும் ஆண் சக ஊழியருக்கு வருடத்துக்கு 6 லட்சம் அதிகம். தவறுதலாக எனக்கு வந்த எக்செல் ஃபைலில் பார்த்தேன். அதை என் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். எச்.ஆர். பதிலே சொல்லவில்லை. மகளிர் தினத்தில் மட்டும் மேடை போட்டு சமத்துவம் பேசுகிறார்கள். ராஜினாமா செய்துவிட்டு, ஆண்டறிக்கையை வைத்து வழக்குப் போடலாமா?

பதில்: மகளிர் தின மேடையை விட்டுவிடுங்கள். ஆண்டறிக்கையும் பெரிதாக உதவாது. பங்குச்சந்தையில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி ஆண், பெண் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளத்தை, வெளியிட்டாக வேண்டும். அது மொத்த நிறுவனத்தின் கணக்கு. உங்கள் வேலையும் அவர் வேலையும் ஒன்றா என்பதை அது சொல்லாது, உங்கள் வழக்கு நிற்பதோ அந்த ஒரு கேள்வியில்தான்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-ஆவது பிரிவு, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலினம் பார்த்துச் சம்பளம் குறைப்பதைத் தடுக்கிறது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு நான்கையும் ஒப்பிடுவார்கள். டீம் லீட் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது என்று எச்.ஆர். சொன்னால் நம்பாதீர்கள். மேலாளர்களும் இதில் அடக்கம். கோரிக்கை வைக்க 3 வருடம் இருக்கிறது, அவசரமில்லை.

இப்போது அந்த ஃபைலுக்கு வருகிறேன். இந்த இடத்தில் சறுக்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நீங்கள் நோட்டீஸ் அனுப்பியதும் நிறுவனம் முதலில் உங்கள் மெயில் பதிவைத்தான் தோண்டும். ரகசியத் தகவலை வெளியே எடுத்ததாகச் சொல்லி விசாரணை, வேலைநீக்கம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் புகார் என்று போகும். 66-இல் 3 வருடம் வரை சிறை உண்டு. குற்றம் நிரூபணமாவது வேறு விஷயம். அதற்குள் சம்பளப் பேச்சு காணாமல் போய், நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல ஆகிவிடும். ஃபைலை யாருக்கும் அனுப்பாதீர்கள். அழிக்கவும் வேண்டாம், அழித்தால் தடயத்தை மறைத்தீர்கள் என்பார்கள். உங்கள் வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள். சம்பளப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்ல, உங்கள் கோரிக்கையை விசாரிக்கும் அரசு அதிகாரிக்கே அதிகாரம் இருக்கிறது. அப்ரைசல் கடிதங்கள், இருவருக்கும் ஒரே பொறுப்பு தந்த மெயில்கள், உங்கள் சம்பளச் சீட்டு, இவை போதும்.

ராஜினாமா கூடவே கூடாது. என்னிடம் வந்த ஒரு பெண் இரவு 11 மணிக்குக் கோபத்தில் ராஜினாமா மெயில் தட்டிவிட்டார். கடைசி நாளில் இறுதிக் கணக்குத் தாளில், ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார். புது வேலைக்கு ரிலீவிங் லெட்டர் வேண்டுமே என்ற பயம். அந்த ஒரு வரியோடுதான் இரண்டு வருடம் மல்லுக்கட்டினோம்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். வேலையில் இருந்துகொண்டே, ஃபைலைப் பற்றிப் பேச்செடுக்காமல், இருவரின் பொறுப்புகளை ஒப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். இனிமேல் சம்பளத் திருத்தம், ஓரளவு பாக்கி, இந்த இரண்டும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முழு 6 லட்சத்துக்கு அடம்பிடிக்க வேண்டாம். கையெழுத்துப் போடும் முன், எந்த மெயில், ஆவணம் குறித்தும் இருதரப்பும் இனி நடவடிக்கை எடுக்காது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வக்கீலை வைத்துப் பாருங்கள்.