டைமிங் பெல்ட்: கிலோமீட்டர் ஆகவில்லை, வருடம் ஆகிவிட்டது. மாற்ற வேண்டுமா?

கேள்வி: 8 வருடப் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஓடியது 58,000 கிலோமீட்டர்தான். டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டர் அல்லது 6 வருடத்தில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. கவரைத் திறந்து பார்த்த ஒரு மெக்கானிக், பெல்ட் நன்றாக இருக்கிறது, இன்னும் ஓட்டலாம் என்கிறார். இன்னொருவர் பெல்ட்டோடு டென்ஷனர் (பெல்ட் தளராமல் அழுத்திப் பிடிக்கும் பாகம்), வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றச் சொல்கிறார். முந்தைய உரிமையாளரிடம் எந்த ரசீதும் இல்லை. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டாமவர் பேச்சைக் கேளுங்கள். கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. கிலோமீட்டரில் பாதியைத்தான் தாண்டியிருக்கிறீர்கள் என்றாலும், வருடக் கணக்கில் கெடு முடிந்து 2 வருடம் ஆகிவிட்டது. முன்பே யாராவது மாற்றியிருக்கலாமே என்று தோன்றும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் நம்பிக்கையை வைத்து வண்டி ஓட்டக் கூடாது.

ஓடாமல் நிற்கும் வண்டியிலும் பெல்ட்டுக்கு வயதாகும். அது ரப்பரும் உள்ளே இழைகளும் சேர்ந்தது. இன்ஜின் சூட்டிலேயே கிடந்து, சூடாவதும் ஆறுவதுமாக வருடங்கள் போகப் போக ரப்பர் இறுகிவிடும். முதலில் விரிசல் விழுவது பற்களின் அடிப்பக்கத்தில். மேல் கவரைத் திறந்தால் கண்ணில் படுவதோ பெரும்பாலும் பெல்ட்டின் வழவழப்பான முதுகு. அதோடு, இப்போது வரும் பெல்ட்டுகளின் ரப்பர் தரமானது. அறுந்துபோகும் நாள் வரைக்கும்கூட வெளியே நன்றாகத் தெரியலாம். விரிசலோ, பல் உதிர்ந்திருப்பதோ, எண்ணெய்ப் பிசுக்கோ தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும், சரி. எதுவும் தெரியவில்லை என்பதற்காக இன்னும் ஓடும் என்று சொல்லிவிட முடியாது.

அறுந்தால் என்ன ஆகும்? பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைத் தவறவிடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த பெல்ட்தான். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பல இன்ஜின்களில், கீழே இறங்கிய வால்வும் மேலே ஏறும் பிஸ்டனும் வந்து போவது ஒரே இடத்தில்தான், வேறுவேறு நேரத்தில். பெல்ட் அறுந்தால் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், கிராங்க்ஷாஃப்ட் ஓடிய வேகத்தில் இன்னும் சில சுற்று சுற்றும். திறந்தபடி நின்ற வால்வுகளைப் பிஸ்டன் வந்து இடித்து வளைத்துவிடும். வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் வேலை அங்கே தொடங்குகிறது. எல்லா இன்ஜினும் இப்படி அல்ல. சிலவற்றில் இடிக்காத அளவுக்கு இடைவெளி இருக்கும், வண்டி நின்றுபோவதோடு சரி. டீசல் இன்ஜினில் ஏறக்குறைய எல்லாமே இடிக்கும் வகைதான். எந்த வகையானாலும், ஓடும்போது திடீரென்று இன்ஜின் நின்று, சாவியைத் திருப்பினால் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது என்றால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். தப்பித்த வால்வும் அதில் வளைந்துவிடும்.

அடுத்து, மற்ற பாகங்கள். கூடுதலாக எதையோ தலையில் கட்டுகிறார்கள் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். ஆனால் இந்த வேலையில் பெல்ட்டின் விலையைவிட, அதை எட்டுவதற்குக் கழற்ற வேண்டியதற்கு ஆகும் கூலிதான் பல கார்களில் அதிகம். டென்ஷனரும், பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் புல்லியும் பெல்ட் சுற்றிய சுற்றையெல்லாம் கூடவே சுற்றியவை. கழற்றியதும் பழைய புல்லியை விரலால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பேரிங் லேசாகக் கனத்து, சத்தமில்லாமல் சுற்றி உடனே நிற்கும். கிரீஸ் வற்றியது கரகரவென்ற சத்தத்தோடு கடகடவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த பேரிங் இறுகினால் நேற்றுப் போட்ட புது பெல்ட்டும் அதோடு போய்விடும். அதனால் இவற்றைத் தனித்தனியாக யோசிக்க வேண்டாம், செட்டாகவே மாற்றுங்கள்.

வாட்டர் பம்ப் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. அது டைமிங் பெல்ட்டால் சுற்றுகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் இப்போதே மாற்றுவதுதான் நல்லது, கூலண்ட்டும் புதிதாக ஊற்றிவிடலாம். வெளியே வேறு பெல்ட்டால் சுற்றுகிற பம்ப் என்றால், கசிவோ சத்தமோ ஆட்டமோ இல்லாதவரை அதைத் தொட வேண்டியதில்லை. கேம், கிராங்க் தண்டுகளில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்களில் ஈரம் இருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்டால் பெல்ட் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்; துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது சரிவராது. ஒரு தடவைதான் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் சொன்ன போல்ட்டுகளைப் பழையபடியே முடுக்கவும் கூடாது.

மாட்டி முடித்ததும் நேராகச் சாவியைத் திருப்பக் கூடாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில், கையால் முழுதாக 2 சுற்று சுற்ற வேண்டும். பிறகு கிராங்க், கேம் புல்லிகளில் உள்ள டைமிங் குறிகள் நேராக நிற்கின்றனவா, டென்ஷன் சரியாக இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலே இன்ஜின் ஒழுங்காக ஓடாது. இதைச் செய்வாரா என்று வேலை கொடுக்கும் முன்பே கேளுங்கள்; நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேலைக்கு நாள் குறிக்கும்வரை மெதுவாக ஓட்டினால் பெல்ட் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். வண்டியைக் கிளப்பும் அந்த நொடியிலும் அது அறுந்துபோகலாம். நீண்ட பயணம் ஏதாவது இருந்தால் பெல்ட் மாற்றிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் முதலில் தங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று கையேட்டில் பாருங்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று என்று இருப்பதுண்டு. பெல்ட் என்றால் கெடு காருக்குக் கார் மாறும். 60,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்வதும் உண்டு, 1,50,000 வரை விடுவதும் உண்டு. பக்கத்து வீட்டில் நிற்கும் காரின் கணக்கு உங்களுக்கு உதவாது. செயினுக்குப் பொதுவாகக் கெடு கிடையாது, ஆனால் ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் அது தேய்ந்து நீண்டுவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கடகடவென்று சத்தம் வந்தால் டென்ஷனரையும் செயினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட்டும் சில இன்ஜின்களில் உண்டு. அவற்றுக்குக் கையேட்டில் சொன்ன ரக ஆயிலையே ஊற்ற வேண்டும். வேறு ஆயில் ஊற்றினால் பெல்ட் சிதைந்து, அதன் துகள்கள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்து, இன்ஜினுக்கு ஆயில் போவதே நின்றுபோகலாம்.