நீலாவின் கராத்தேயை எடுத்துவிடுங்கள்

கேள்வி: கி.பி. 2190-இல் நடக்கும் ஒரு சிறுகதை எழுதி, இத்துடன் இணைத்திருக்கிறேன். உலகத்து மழை முழுவதும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நாயகி நீலா ஒரு விஞ்ஞானி, கராத்தே வீராங்கனை. கம்பெனியின் கோட்டைக்குள் புகுந்து 12 காவலர்களை வீழ்த்தி மழையை விடுவிக்கிறாள். பத்திரிகைகள் கேட்பது 1,500 சொல், என் கதையோ 3,800. ‘நாயகிக்கு உயிர் இல்லை’ என்று இரண்டு இடங்களில் திருப்பிவிட்டார்கள். இதைவிட வலிமையான பெண்ணை எப்படி எழுதுவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மழைக்கு ஒரு முதலாளி என்பது நல்ல விதை. ஆனால் முதல் பக்கத்தில் அதை ஊன்றியதோடு சரி, பிறகு நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. 12 பேரை அடித்துப் போட மழைக் கம்பெனி எதற்கு? அது வங்கியாக இருந்தாலும் சாராய ஆலையாக இருந்தாலும் அதே சண்டைதான். நீங்கள் கற்பித்த விதியை உருவி எடுத்த பிறகும் நாயகி ஜெயித்துவிடுகிறாள். அப்படியென்றால் அவளுடைய பலம் வேறு எங்கிருந்தோ வந்து கதையில் ஒட்டிக்கொண்டது. திருப்பியனுப்பியவர்கள் உயிர் இல்லை என்றது இதைத்தான்.

முதலில் விதியைக் கறாராக்குங்கள். ‘மழை கம்பெனிக்குச் சொந்தம்’ என்பது வெறும் பிரகடனம். ‘உன் நிலத்தில் எவ்வளவு மழை விழுகிறதோ அவ்வளவுக்கு நீ பணம் கட்ட வேண்டும்’ என்று மாற்றிப் பாருங்கள். உடனே ஆட்கள் ஓட ஆரம்பிப்பார்கள். மேகம் கறுத்ததும் கட்ட வழியில்லாதவன் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போவான். அந்தத் தண்ணீர் பக்கத்து வயலில் வழிந்தால் வெட்டுக்குத்து. முற்றம் வைத்த வீடுகளுக்குக் கூரை ஏறும். பெண் பார்க்க வருபவர்கள் நகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், “மழைக்கடன் ஏதும் இருக்கா?” என்பார்கள். இப்படிப் பத்து விளைவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். முதல் மூன்று யாருக்கும் தோன்றக்கூடியவை, அடித்துவிடுங்கள். மிச்சத்தில் நான்கு போதும்.

ஒரே ஒரு விதியை மாற்றி என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு 1905-லேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசேன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’. அது முதலில் அச்சானது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில். அதில் மாறியிருப்பது ஒன்றுதான்: அந்த நாட்டில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள் ஆண்கள். தெரு, சமையல், படிப்பு, போர் எல்லாம் அந்த ஒரு மாற்றத்தையொட்டியே நடக்கின்றன. பெண்கள் படையெடுப்பை முறியடிப்பதும் வாளால் அல்ல, திரட்டி வைத்த சூரிய வெப்பத்தால். அந்த வெப்பத்தைத் திரட்டும் கருவியைப் போர் வருவதற்கு முன்பே ஆசிரியர் நமக்குக் காட்டிவிடுகிறார். இந்த வரிசை முக்கியம். உங்கள் நீலாவின் கராத்தே 3,100-ஆவது சொல்லில்தான் வாசகருக்குத் தெரியவருகிறது. ஆபத்து வந்த பிறகு முளைக்கும் திறமையை வாசகர் வரம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது அவள் வேலை. ‘விஞ்ஞானி’ என்று எழுதினால் காலை பத்து மணிக்கு அவள் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உங்கள் விதிக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை கிடக்கிறது: நீர்க்கட்டி. கண்மாய் மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பங்கிடும் ஆள், ஊர் கொடுக்கும் நெல்தான் கூலி. நம் ஊர்களில் பெரும்பாலும் ஆண்கள் பார்த்த வேலையை 2190-இல் நீலா பார்க்கட்டும். மழை பெய்யும்போதெல்லாம் மழைமானியைப் பார்த்து, அளவைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவள் பொறுப்பு. அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் கம்பெனி ஊருக்குப் பில் போடுகிறது.

இனி கணக்கு. இந்த வகைக் கதையில் ஒரு கணக்காவது சரியாக இருந்தால்தான் மற்ற கற்பனையை வாசகர் நம்புவார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர், ஆக 10 மில்லிமீட்டர் மழைக்கு 40,000 லிட்டருக்கும் மேல். சாதாரண மழைமானியில் அகன்ற புனல் மழையைப் பிடிக்கும், ஒடுங்கிய குழாய் அளக்கும், குழாயின் கோடுகள் அந்தப் புனல் வாயின் பரப்புக்கு ஏற்றபடி போடப்பட்டிருக்கும். கம்பெனி குழாயைத் தொடாமல் புனலை மட்டும் மாற்றினால்? 20 சென்டிமீட்டர் வாய்க்குப் பதில் 22 வைத்தால் விட்டம் கூடுவது பத்து சதவீதம், பரப்பு கூடுவது 21 சதவீதம். பெய்தது 10 மில்லிமீட்டர், குழாய் காட்டுவது 12.1. ஓரத்துக்கு ஒரு சென்டிமீட்டரைத் தூரத்திலிருந்து எவர் கண்டுபிடிப்பார்?

நீலா கண்டுபிடிப்பாள், அரிசி அளக்கும் படியை வைத்து. சுவர் நேராக, வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள பாத்திரம் எந்த அளவில் இருந்தாலும் சமதரையில் வைத்தால் அதில் நிற்கும் நீரின் உயரம்தான் மழை. குடத்தையோ வாய் விரிந்த சட்டியையோ வைத்துவிடாதீர்கள், அதில் அளவு தப்பும், கடிதம் போட்டுத் திட்ட ஆள் இருக்கிறார்கள். கூரைச் சொட்டு விழும் இடமும் ஆகாது. இந்தப் படி கதையில் முதலில் அரிசி அளக்கவே வரட்டும்.

இப்போதுதான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். கம்பெனி கூடுதலாக வாங்குகிறது என்பது நீலாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எட்டு வருடப் பதிவேட்டில் ஒவ்வொரு பொய்யளவுக்கும் கீழே இருப்பது அவள் கையெழுத்து. வெளியே சொன்னால் ஊர் முதலில் பிடிப்பது அவள் சட்டையை. அதிகாரியை மீசை முறுக்கும் வில்லனாக்கிக் காரியத்தைக் கெடுக்காதீர்கள். அவர் நியாயமாகவே பேசட்டும்: “நாளைக்கே பழைய புனலை மாட்டிடறோம். பழசைக் கிளற வேண்டாம்.” ஊருக்கு இனிமேல் நல்லது, அவளுக்கும் ஆபத்தில்லை. இதை மறுக்கிறாளா, ஏற்கிறாளா? எதைச் செய்தாலும் அவளுக்கு இழப்பு இருக்கிறது. அடிதடியில் அவளுக்கு அப்படி எதுவும் இல்லை, சிராய்ப்புகூட இல்லை.

1,500 சொல்லை இப்படிப் பங்கிடலாம். தார்ப்பாயோடு ஓடும் காட்சிக்கு 120. விதி 250-க்குள் புரிந்துவிட வேண்டும், ஆனால் அதை விளக்கும் வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. படி 400-க்குள் வரட்டும், அளவு இடிப்பது 700-இல். அதிகாரியோடு நடக்கும் பேச்சுக்கு தாராளமாக 450 கொடுங்கள், கதையின் நெஞ்சு அதுதான். 1,350-இல் முடிவெடுத்துவிட வேண்டும். உங்கள் கதையின் முதல் 700 சொல், அதாவது 2090 முதல் 2190 வரையிலான மழைச் சரித்திரம், உங்கள் நோட்டுப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கட்டும்.

மொழியில் ஒரு விஷயம் உறுத்துகிறது. உங்கள் கதையில் பேராசிரியர் ‘வந்தார், சொன்னார்’, நீலா ‘வந்தாள், சொன்னாள்’. இருவரும் விஞ்ஞானிகள், வயதிலும் நீலாதான் மூத்தவள். ‘அவள்’ என்றே எழுதலாம், நெருக்கம் கிடைக்கும். ஆனால் அப்படியானால் அவரும் ‘அவன்’ ஆகட்டும். இல்லையென்றால் உங்களை அறியாமலே விகுதி அவளை ஒரு படி கீழே உட்கார வைத்துவிடும். இதே விகுதியைக் கதைக்குச் சாதகமாகவும் திருப்பலாம். அதிகாரி உள்ளே வரும்போது “என்னம்மா, நீ” என்பவர், கையெழுத்து தேவைப்படும் இடத்தில் “நீங்க” என்று மாறட்டும். அதற்கு விளக்கம் எழுத வேண்டாம். ‘ஹைட்ரோ கிளவுட் கன்ட்ரோல் யூனிட்’ மாதிரிப் பெயர்களையும் எடுத்துவிடுங்கள். புதுச் சொல் இரண்டுக்கு மேல் வேண்டாம், அவையும் ‘மழைக்கடன்’ போல ஊர் வாயில் புழங்கக் கூடியவையாக இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் நீலாவை நீலகண்டனாக்கி ஒருமுறை படியுங்கள். எதுவுமே மாறவில்லை என்றால், உங்கள் 2190-இல் பட்டா யார் பெயரில் இருக்கிறது, ஊர்க்கூட்டத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதை நீங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. அது எப்படி இருந்தாலும் சரி, தீர்மானித்துவிட்டு எழுதுங்கள்.

கடைசி 150 சொல்லில் கம்பெனியைக் கவிழ்க்காதீர்கள். பதிவேட்டைத் திறந்து, தன் கையெழுத்தை முதல் பக்கத்திலிருந்து அவள் அடித்துக்கொண்டு வரும்போதே நிறுத்திவிடலாம். அந்த 12 காவலர்களை விட மனம் வரவில்லையென்றால் ஒருவரை மட்டும் வாசலில் உட்கார வையுங்கள். அந்த ஊரில் அவருக்கும் அரை ஏக்கர் இருக்கட்டும்.