பொலன்னறுவைக் கல்லில் இருந்தது எந்த ஊர்ப் பாசி?

கேள்வி: மட்டக்களப்பில் தரம் 9 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். 2012இல் பொலன்னறுவையில் விழுந்த விண்கல்லுக்குள் வேற்றுலக உயிரின் எச்சம் கிடைத்ததாகச் சொல்லும் ஒரு வீடியோ மாணவர்களிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. பாடசாலைக் கண்காட்சியில் அதைப் பதாகையாக வைக்க ஆசைப்படுகிறார்கள். அனுமதிக்கலாமா? இத்தகைய செய்திகளை எப்படிச் சோதிப்பது?

பதில்: தாராளமாக அனுமதியுங்கள். ‘விண்கல்லில் உயிர்’ என்ற தலைப்பை மட்டும் ‘கல்லுக்குள் இது எப்படி வந்தது?’ என்று மாற்றச் சொல்லுங்கள். வழக்கே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

2012 டிசம்பர் 29 அன்று வானில் தீப்பந்து தெரிந்ததாகவும், அரலகங்வில பகுதியில் கற்கள் விழுந்ததாகவும் செய்தி வந்தது. கற்கள் பிரித்தானியாவுக்குப் போயின. இலங்கையில் பிறந்த வானியலாளர் சந்திர விக்கிரமசிங்கவும் குழுவினரும் அடுத்த மாதமே ‘ஜர்னல் ஆஃப் காஸ்மாலஜி’ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள்: கல்லுக்குள் டயட்டம் என்னும் பாசியின் புதைபடிவம் இருக்கிறது, ஆகவே உயிர் விண்வெளியிலிருந்து வந்தது. விக்கிரமசிங்க சாதாரண ஆளல்ல. விண்வெளித் தூசியில் கரிமப் பொருள் உண்டு என்று எழுபதுகளிலேயே வாதிட்டவர். அது பின்னர் ஏற்கப்பட்டது. அதற்காக அவருடைய எல்லா வாதங்களும் சரியாகிவிடாது.

டயட்டம் உங்களுக்கு அறிமுகமான உயிர்தான். குளத்துப் படியில் கால் வைத்ததும் வழுக்குகிறதே, அந்தப் பழுப்புப் படலத்தில் இலட்சக்கணக்கில் இருக்கும். ஒரே செல், அதைச் சுற்றிச் சோப்புப் பெட்டியும் மூடியும் போலப் பொருந்தும் இரண்டு சிலிக்கா ஓடுகள். ஓடுகளில் சல்லடைபோல வரிசை வரிசையாகத் துளைகள். அந்த அலங்காரத்தை வைத்தே இனத்தை அடையாளம் காண்பார்கள். கட்டுரையில் வந்த படங்களைக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டயட்டம் நிபுணர் பேட்ரிக் கோசியோலெக் பார்த்தார். பூமியின் நன்னீரில் வாழும், ஏற்கெனவே அறியப்பட்ட வகைகள் இவை, புதைபடிவம் போலவும் தெரியவில்லை என்றார். விண்வெளியில் வளர்ந்த பாசி நம் குளத்துப் பாசியைத் துளைக்குத் துளை ஒத்திருக்குமா?

அதற்கும் முந்தைய கேள்வி, அது விண்கல்தானா என்பது. காற்றை உரசிக்கொண்டு வரும் கல்லின் மேற்புறம் உருகி, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் கருந்தோல் படியும். பெரும்பாலான விண்கற்கள் கையில் எடுத்தால் அதே அளவுள்ள சாதாரணக் கல்லைவிடக் கனக்கும். இந்தக் கற்களின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். மின்னல் மண்ணில் பாய்ந்து உருக்கிய கல்லாக இருக்கலாம் என்று விமர்சகர்கள் சந்தேகப்பட்டார்கள். எனக்கும் வயலும் குளமுமான ஊரில் கிடைத்த நுரைக்கல் என்றுதான் தோன்றுகிறது.

சரி, சந்தேகமில்லாத விண்கல்லாகவே இருக்கட்டும். பிரான்சில் 1864 மே 14 அன்று விழுந்த ஓர்கேய் கல் அப்படிப்பட்டது. 1961இல் அதற்குள் உயிரின் நுண்ணெச்சங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். ஆராய்ந்தபோது சில வடிவங்கள் ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தத்தைப் போல இருந்தன. பிறகு நடந்தது இன்னும் சுவையானது. அதே கல்லின் ஒரு துண்டு, விழுந்த ஆண்டு முதல் ஓர் அருங்காட்சியகத்தில் மூடிய கண்ணாடிச் சாடிக்குள் இருந்தது. அதை உடைத்துப் பார்த்தால் கோரைப்புல் விதைகளும் நிலக்கரித் துணுக்குகளும் வந்தன! யாரோ கல்லை ஈரமாக்கி, விதையைச் செருகி, மேலே பசை பூசிக் கருந்தோல் போல ஆக்கியிருக்கிறார்கள். கல் விழுவதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் லூயி பாஸ்டர், உயிர் தானாகத் தோன்றாது என்று பாரிசில் புகழ்பெற்ற உரை நிகழ்த்தியிருந்தார். அந்தச் சூட்டில் யாரோ செய்த குறும்பாக இருக்கலாம். பாவம், ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அதை யாருமே கண்டுகொள்ளவில்லை.

குறும்போ அலட்சியமோ இல்லாவிட்டாலும் இப்படி நடக்கும். ரியூகு என்ற சிறுகோளிலிருந்து ஜப்பானிய விண்கலம் மூடிய கலத்தில் மண் கொண்டுவந்தது. அதில் ஒரு துகளை பிரித்தானிய ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் வைத்தபோது நுண்ணுயிர் இழைகள் தெரிந்தன. நாட்கள் போகப்போக எண்ணிக்கை கூடியது, பின்பு குறைந்தது. பூமியில் திறந்த பிறகு குடியேறிய நம்மூர் நுண்ணுயிர்கள்தான் அவை என்று 2024இல் அவர்களே எழுதினார்கள். அவ்வளவு கவனமாகக் காத்த துகளுக்கே இந்தக் கதி என்றால், மழையில் கிடந்த கல்லைப் பற்றி என்ன சொல்வது?

அப்படியானால் வெளியிலிருந்து வந்ததை எப்படிப் பிரித்தறிவது? அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இடது, வலது என இரண்டு வடிவங்கள் உண்டு, செருப்பு ஜோடி போல. பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடதை மட்டுமே எடுக்கும். கோயில் வாசலில் இடக்கால் செருப்பு மட்டும் குவிந்திருந்தால் யாரோ பொறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரியுமல்லவா? 1969இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் கல்லிலும், 2023இல் நாசா கொண்டுவந்த பென்னு சிறுகோள் மண்ணிலும் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன; அதாவது எந்த உயிரும் பொறுக்கி வைத்ததாகத் தெரியவில்லை. பென்னு மண்ணிலேயே உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 கிடைத்தன. உயிரின் செங்கற்கள் விண்வெளியில் தாமாகவே உருவாகின்றன என்பது உண்மை. வீடு கட்டியதற்குச் சான்று இன்னும் இல்லை. மாணவர்கள் ஆசைப்படும் வியப்புக்கு இதுவே போதுமே.

1996இல் நாசா ஆய்வாளர்கள் செவ்வாயிலிருந்து பூமியில் வந்து விழுந்த ஒரு கல்லில் உயிரின் தடயம் என்றபோது அமெரிக்க அதிபர் கிளின்டனே அதைப் பற்றிப் பேசினார். அந்தக் கல் அண்டார்க்டிக் பனியில் சுமார் 13,000 ஆண்டுகள் கிடந்தது. அதிலிருந்த அமினோ அமிலம் பனியிலிருந்து ஊறியது என்று பின்னர் காட்டினார்கள்; மற்றத் தடயங்களுக்கும் உயிரில்லாத விளக்கங்கள் வந்துவிட்டன.

எனவே அடுத்த வீடியோ வரும்போது மாணவர்கள் முதலில் கேட்கட்டும்: கல் எங்கே விழுந்தது, எடுக்கும்வரை எத்தனை நாள் கிடந்தது, யார் யார் கையில் போனது? அந்த உயிரினத்தில் பழகிய நிபுணர் பார்த்தாரா, கண்டுபிடித்தவர் மட்டும்தானா?

கண்காட்சிக்கு ஒரு சோதனையும் செய்யலாம். செங்கல் துண்டொன்றை வெயில் படும் குளத்து ஓரத்தில், ஆழமில்லாத நீரில் இரண்டு, மூன்று வாரம் போட்டு வையுங்கள். எடுத்து உடைத்து, ஒரு சிறு துளைக்குள் ஊசியால் சுரண்டி, ஒரு சொட்டு நீரில் கலந்து 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். தெரிவதைப் படமெடுத்து, வீடியோவில் வந்த படத்துக்குப் பக்கத்தில் பெயரெழுதாமல் ஒட்டுங்கள். எது விண்வெளி, எது குளம் என்று பார்வையாளர்கள் சொல்லட்டும்.