பாரிமுனைச் சட்டக் கல்லூரி

கேள்வி: உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த சென்னை சட்டக் கல்லூரியின் வரலாறு என்ன? அங்கே என்னென்ன படிப்புகள் இருந்தன? (வாசகர், விழுப்புரம்)

பதில்: 1891-இல் தொடங்கப்பட்டு, பின்னர் டாக்டர் அம்பேத்கர் பெயரைப் பெற்ற அக்கல்லூரி, செங்கல் சிவப்பும் குவிமாடங்களுமாக நிற்கும் இந்தோ-சாரசெனிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த) கட்டடத்தில் நூறாண்டுக்கும் மேல் இயங்கியது. அவ்விடம் முன்பு ஆங்கிலேயரின் இடுகாடாக இருந்ததால், அக்காலச் சென்னை ஆளுநர் எலிஹு யேலின் மகன் டேவிட்டின் கல்லறைக் கூம்பு வகுப்பறைகளுக்கு அருகிலேயே நின்றது. மாணவர்கள் அதைக் கவனித்தார்களா என்பது வேறு விஷயம். பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுப் படிப்பும், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பும், சட்ட முதுநிலைப் படிப்பும் அங்கே இருந்தன. 2018-இல் கல்லூரி நகருக்கு வெளியே உள்ள புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் மாற்றப்பட்டதால், வகுப்பு முடிந்ததும் நடந்துபோய் வழக்கு விசாரணையைக் கேட்கும் வசதி போய்விட்டது. அதுவே பெரிய இழப்பு என்பேன்.